வைரக்கண்ணு என்கிற கிணறு

கடலுக்குள் இரும்புக் கால்களை ஊன்றி நின்ற அந்த எண்ணெய் மேடையில் கிணறுகளெல்லாம் கிழடு தட்டிப்போய், நூறு பங்கு மேலே வந்தால் அதில் தொண்ணூற்றைந்து பங்கு வெறும் உப்புத் தண்ணீராக வந்துகொண்டிருந்த ஒரு மாசி மாதத்தில், கம்பெனி மேடையை மூடிவிடுவது என்று முடிவெடுத்து, அந்த முடிவைச் சொல்வதற்கு நல்ல வார்த்தையாகத் தேடிக்கொண்டிருந்த வாரத்தில், கிணற்று ஆப்பரேட்டர் வைரக்கண்ணுவின் முழங்கையிலிருந்து கச்சா எண்ணெய் கசிந்தது.

அது சாப்பாட்டு நேரம். சோற்றில் மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தவர், என்னவோ ஒழுகுகிறதே என்று கையைத் திருப்பிப் பார்த்துத் துண்டால் துடைத்தார். மறுபடி ஒழுகியது, மறுபடி துடைத்தார். பக்கத்தில் இருந்தவன் மாசிலாமணி. பல வருடமாக ஒரே அறையில், இவருடைய கட்டிலுக்கு மேல்கட்டிலில் தூங்குகிறவன். அவன் துண்டை வாங்கி மூக்கருகே பிடித்தான்.

"அண்ணே, இது நம்ம எண்ணெய்ணே."

"எந்தக் கெணத்து எண்ணெய்?"

"மூணாங் கெணறு மாதிரி இருக்கு. அதவிடக் கெட்டி."

"சரி, அந்த ரசத்த இப்படித் தள்ளு" என்றார் வைரக்கண்ணு.

வேறு ஊராக இருந்தால் கற்பூரம் ஏற்றியிருப்பார்கள், இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். மேடைக்காரர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. கடலுக்கடியில் பாறைக்குள் இருந்த எண்ணெயை முப்பது வருடமாக உறிஞ்சி, அது வர மறுத்ததும் மேலிருந்து கடல் தண்ணீரை உள்ளே அனுப்பி, அந்தத் தண்ணீர் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வரும் என்று காத்திருந்து, போன தண்ணீர் போன வேலையைச் செய்யாமல் சுலபமான வழியைப் பார்த்துக்கொண்டு தங்களிடமே திரும்பி வருவதைத் தினமும் பார்த்தவர்கள் அவர்கள். எடுத்ததைவிட எடுக்காத எண்ணெய் உள்ளே அதிகம் என்பதும் அது பாறை இடுக்குகளில் ஒட்டிக்கொண்டு வரவே வராது என்பதும் அவர்களுக்குத் தெரியும். தண்ணீர் விரட்ட விரட்ட ஓடிய அந்த மிச்ச எண்ணெய், ஒளிய இடமில்லாமல், இருபது வருடமாகக் கிணற்றுத் தலைமாட்டிலேயே நின்று பழகிய மனிதனுக்குள் ஏறிக்கொண்டது என்று சமையல்காரர் சொன்னார். அதைவிட நல்ல காரணம் அதற்குப் பிறகும் யாரும் சொல்லவில்லை.

முதல் நாள் ஒரு வாளி. வார முடிவில் பீப்பாய். ஒரு மனித உடம்பில் இத்தனை எண்ணெய் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, வருகிற எண்ணெயை எதில் பிடிப்பது என்றுதான் கேட்டார்கள். சாப்பாட்டு அறையிலிருந்த பெரிய எவர்சில்வர் மேசையை நடுவில் கொஞ்சம் பள்ளமாகத் தட்டி, ஓரத்தில் ஓட்டை போட்டு, குழாய் வைத்து, எண்ணெயையும் தண்ணீரையும் பிரிக்கிற தொட்டி வரைக்கும் அந்தக் குழாயை இழுத்து, மேசையின் மேல் ஒரு தலையணையும் போட்டார்கள். தலையணை மாசிலாமணியுடையது. அவன் அதற்குப் பிறகு கையை மடித்து வைத்துக்கொண்டு தூங்கினான்.

வைரக்கண்ணுவுக்கு இதிலெல்லாம் வருத்தம் இல்லை. அவருடைய கவலை ஒன்றே ஒன்றுதான். வருகிற வியாழக்கிழமை ஹெலிகாப்டரில் அவர் ஊருக்குப் போக வேண்டும். கல்யாணமாகிப் பதினாறு வருடம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி, வைத்தியம் பார்த்து, அக்கம்பக்கத்துப் பேச்சையெல்லாம் காதில் வாங்காத மாதிரி வாங்கி, இனி இல்லை என்று விட்டுவிட்ட பிறகு அவர் மனைவி தமயந்தி இப்போது நிறைமாதமாக இருந்தாள். பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும், முதலில் தன் கையில் வாங்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதனுக்கு வேறு ஆசை கிடையாது. பையை மாசி பிறந்த அன்றே கட்டி வைத்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் கணக்கு இடித்தது. மேடையிலிருந்து எண்ணெய் போனால் அது ஏதாவது ஒரு கிணற்றிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். அது விதி. மேடையில் பதினோரு கிணறு. ஆகவே வைரக்கண்ணுவுக்குக் கிணறு பன்னிரண்டு என்று எண் கொடுத்தார்கள். கொடுத்தவர் மேடை மேலாளர் தேவசகாயம். தூத்துக்குடிப் பக்கம், சாப்பிடும் முன்னால் கண்ணை மூடி ஜெபம் பண்ணுகிறவர், ஒருவரையும் ஒருமையில் கூப்பிட்டதில்லை.

"சார், வியாழக்கெழமை லிஸ்ட்ல எம் பேரு இருந்துச்சே" என்று கேட்டார் வைரக்கண்ணு.

"இருந்துச்சுதான். ஆனா பாருங்க, கெணறு பன்னெண்டு இப்ப கம்பெனி சொத்து. சொத்தக் கரைக்கு அனுப்பணும்னா ஹெட் ஆபீஸ்ல கேக்கணும்."

"கெணறு இங்கயே இருக்கட்டும் சார். நான் மட்டும் போய்ட்டு வந்துர்றேன்."

தேவசகாயம் இதை உண்மையாகவே யோசித்தார். நெற்றியைத் தேய்த்து யோசித்தார். கிணற்றை நிறுத்திவிட்டு மனிதனை மட்டும் அனுப்ப வழி இருக்கிறதா என்று குழாய்ப் படத்தை விரித்துவைத்தும் பார்த்தார். கடைசியில் தலையை ஆட்டினார்.

"ஒரு சுத்து பொறுத்துக்கிடுங்க. அடுத்த ஹெலிகாப்டர்ல போயிரலாம்."

வைரக்கண்ணு பொறுக்கவில்லை. வியாழக்கிழமை காற்றாடிச் சத்தம் கேட்டதும் மேசையிலிருந்து இறங்கி, பையை எடுத்துக்கொண்டு, படிக்குப் படி எண்ணெய் சொட்ட மேல்தளத்துக்கு ஏறிவிட்டார். அங்கே மேடையில் இருந்த அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் அவரைத் தடுக்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை, சும்மா நின்றார்கள். அவருடைய எண்ணெய் இருக்கும்வரை மேடை இருக்கும், மேடை இருக்கும்வரை அவர்களுக்கு வேலை இருக்கும், இது கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டிய விஷயமே இல்லை. மாசிலாமணி மட்டும் முன்னால் வந்தான்.

"அண்ணே, எம் பொண்ணு ரெண்டாவது வருஷம் படிக்கிதுண்ணே. அது முடிச்சிரட்டும்ணே."

"எனக்கு இன்னும் பொறக்கவே இல்லயேடா" என்றார் வைரக்கண்ணு.

மாசிலாமணி அழுதான். அழுதுகொண்டே பையை வாங்கிக்கொண்டான். அதற்குள் பைலட் இறங்கி வந்து, தளத்தில் பரவியிருந்த எண்ணெயைக் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, இப்படி ஒழுகுகிற சரக்கை ஏற்றினால் தன் லைசென்ஸ் போய்விடும் என்றார். ஆக அவரைத் தடுத்தது மேடைக்காரர்கள் இல்லை, விமானச் சட்டம். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

அந்த மேடையில் கெட்டவர் ஒருவர்கூட இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கெட்டவன் ஒருவன் இருந்திருந்தால் வைரக்கண்ணு அவனோடு கட்டிப் புரண்டு, ஒன்று அவனைச் சாய்த்திருப்பார், இல்லை தானே கடலில் குதித்திருப்பார். எல்லோரும் நல்லவர்களாக இருந்ததால் அவருக்குச் சண்டை போட ஆள் கிடைக்கவில்லை.

அன்று அவருடைய இடம் காலியாகவே திரும்பிப் போன அந்த ஹெலிகாப்டரில் வந்து இறங்கியவள் அபிநயா. பாறைக்குள் மிச்சமிருக்கும் எண்ணெயை எப்படி வெளியே கொண்டுவருவது என்பதையே படித்துவிட்டு வந்த சின்னப் பெண். அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். நெற்றியில் கை வைக்கலாமா என்று அனுமதி கேட்டுவிட்டுத்தான் வைத்தாள். பங்குனியில் ஒரு நாள், தமயந்திக்கு வலி எடுத்துவிட்டது என்று ஊரிலிருந்து போன் வந்தபோது, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் தலைமாட்டில் வைத்ததும் அவள்தான்.

முதலில் பெண்களின் பேச்சுச் சத்தம், பிறகு தமயந்தியின் கத்தல், பிறகு எதுவும் இல்லாத ஒரு நேரம், அதற்குப் பிறகு கிறீச்சென்று ஒரு புதுக் குரல். பெண் குழந்தை என்றார்கள். வைரக்கண்ணு மேசையின் இரண்டு விளிம்புகளையும் பிடித்துக்கொண்டு கரையிருக்கும் திசைக்குத் தலையைத் திருப்பினார், திருப்பியபடியே கிடந்தார். அப்போது அவருடைய அக்குளிலிருந்தும் கழுத்திலிருந்தும் முழங்கால் மடிப்பிலிருந்தும் எண்ணெய் குபுகுபுவென்று பொங்கிப் பள்ளம் நிரம்பி, ஓட்டை கொள்ளாமல் தரையில் வழிந்தது. மேடைக்காரர்கள் அண்டாவும் வாளியும் கொண்டு ஓடி வந்தார்கள். ஓடி வந்தவர்கள் ஒவ்வொருவரும் வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் அள்ளினார்கள்.

ஏக்கம் வந்தால் எண்ணெய் ஏறுகிறது என்பதை அபிநயா அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்டதைப் பயன்படுத்தாமல் இருக்க அவள் கற்றுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு தமயந்தியோடு பேச நேரம் ஒதுக்கினார்கள். எண்ணெய் இறங்கும் நாட்களில் பேசலாம், ஏறியிருக்கும் நாட்களில் பேச வேண்டியதில்லை.

"டாக்டர் பாத்தாராங்க?" என்று கேட்பாள் தமயந்தி.

"இஞ்சினியர் பாத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"இன்னும் நெறய இருக்குன்னு சொன்னாங்க."

"பாப்பா ஒங்க மூக்குங்க. எப்பங்க வர்றீங்க?"

"அடுத்த ஹெலிகாப்டர்ல" என்பார் வைரக்கண்ணு. அதற்குள் குழாயில் சத்தம் கூடிவிடும். ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று, தனக்கு என்னென்ன செய்கிறார்கள் என்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் அவளிடம் சொல்வார். அவளும் மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு உம் கொட்டிக் கேட்பாள்.

என்னென்ன செய்தார்கள் என்றால், சித்திரையில் எண்ணெய் தானாக வருவது குறைந்ததும் தண்ணீர் கொடுத்தார்கள். கிணற்றுக்குள் தண்ணீர் அனுப்பி எண்ணெயைத் தள்ளுகிற அதே வேலைதான், சொம்பு மட்டும் புதுசு. காலையில் ஒரு குடம், வெயில் ஏறியதும் ஒரு குடம் என்று மாசிலாமணி தலையைத் தாங்கிப் பிடித்து ஊட்டினான், புரை ஏறினால் நெஞ்சை நீவிவிட்டான். தண்ணி குடிங்கண்ணே என்பது மேடையில் வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பக்கம் போகிறவர், வருகிறவர் எல்லாம் ஒரு டம்ளர் ஊற்றிவிட்டுப் போனார்கள். வயிறு பானையாக வீங்கியது, எண்ணெய் வந்தது. பிறகு தண்ணீர் எண்ணெயைத் தள்ளாமல் நழுவி ஓடி வந்தபோது, தண்ணீரைக் கெட்டியாக்கினால் நழுவாது என்று அபிநயா சொல்ல, சமையல்காரர் நொய்க் கஞ்சி காய்ச்சினார். கஞ்சி மெதுவாகப் போய், மெதுவாகத் தள்ளி, மூலையில் முடுக்கில் கிடந்த எண்ணெயையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தது. கஞ்சிக்கும் வராததற்குச் சோப்புத் தண்ணீர். வைரக்கண்ணு பேச வாயைத் திறந்தால் நுரை வந்தது, நுரையில் எண்ணெய் இருந்தது, அதையும் வழித்தெடுத்தார்கள்.

அந்த வருடம் அவர்கள் வீடுகளிலெல்லாம் நல்ல காரியம் நடந்தது. ஒருவர் மாடி எழுப்பினார். ஒருவர் தங்கைக்குக் கல்யாணம் முடித்தார். பத்திரிகையை முதலில் வைரக்கண்ணுவின் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள், அவரும் ஒவ்வொன்றையும் பிரித்துப் படித்து, மாப்பிள்ளை எந்த ஊர் என்று விசாரித்தார்.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. மேடை வழக்கப்படி ஒவ்வொரு கிணற்றுத் தலையையும் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கி, அன்றைக்கு முழுக்க எதையும் இயக்காமல் விட்டுவிடுவார்கள். பதினோரு கிணற்றுக்கும் வைத்துவிட்டுப் பன்னிரண்டாவதற்கு வந்தார்கள். வைரக்கண்ணு சந்தனத்தை நெற்றியில் வாங்கிக்கொண்டு, இந்த ஒரு நாள்தான் வேலை இல்லையே, போய்ப் பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு விடியற்காலை வந்துவிடுகிறேன் என்றார்.

"கருவிக்கு ஓய்வு கருவி இருக்கிற எடத்துலதான்ணே" என்று தேங்காயை உடைத்தான் மாசிலாமணி. அவன் குரலில் கேலியே இல்லை, மறுநாள் கிணற்றைத் திறக்கும்போது படைக்கக் கொஞ்சம் பொரியைக்கூட எடுத்து மடித்து வைத்தான்.

அன்று தண்ணீர் இல்லை, கஞ்சி இல்லை, சோப்பு இல்லை. வைரக்கண்ணு மாலையோடு தூங்கினார். மறுநாள் காலையில் தண்ணீரெல்லாம் கீழே தங்கி, தெளிந்து, மேலே எண்ணெய் மட்டும் கெட்டியாக மிதந்து வந்தது. ஓய்வு கொடுத்தால் நன்றாக வருகிறது, படுத்து அசந்து தூங்கினால் இன்னும் நன்றாக வருகிறது என்று கண்டுகொண்டு, ஓய்வையும் ஒரு வேலையாகவே அவருக்குக் கொடுத்தார்கள். இதையும் அவர் தமயந்தியிடம் சொன்னார். இந்த ஒன்றைச் சொல்லும்போது மட்டும் அவள் சந்தோஷப்பட்டாள்.

இப்படியே மெதுவாக எடுத்திருந்தால் இன்னும் எத்தனையோ வருடம் வந்திருக்கும். மெதுவாக எடுப்பதற்குப் பொறுமை வேண்டும், கம்பெனிக்கு மார்ச் மாதத்தோடு கணக்கு வருடம் முடிகிறது. வருடக் கடைசிக்குள் இவ்வளவு காட்டியாக வேண்டும் என்று கரையிலிருந்து உத்தரவு வந்தது. கிணற்றை ஒரேயடியாக இழுத்தால் அடியில் இருக்கும் தண்ணீர் கூம்பு மாதிரி மேலே எழும்பி வந்துவிடும், ஒரு தடவை தண்ணீர் வழி கண்டுபிடித்துவிட்டால் அதற்குப் பிறகு அந்த வழியை விடவே விடாது என்பது அபிநயாவுக்கு நன்றாகத் தெரியும். அவள் சொல்லவும் செய்தாள். தேவசகாயம் கேட்டுக்கொண்டார், கண்ணை மூடி ஜெபம் பண்ணினார், பிறகு ஊருக்குப் போன் போட்டார்.

குழந்தைக்கு அப்போது பேச்சு வந்திருந்தது. அப்பா என்று சொல்கிறது என்று தமயந்தி சொல்லியிருந்தாள். அதைப் பதிவு செய்து அனுப்பம்மா, அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று தேவசகாயம் கேட்க, அவளும் குழந்தையைக் கொஞ்சிக் கொஞ்சி, சொல்லு சொல்லு என்று சொல்லவைத்து அனுப்பிவிட்டாள். அதை மேடையின் ஒலிபெருக்கியில் போட்டார்கள். அபாய அறிவிப்புக்காக எல்லாத் தளத்திலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில், பம்புகளின் இரைச்சலுக்கு மேலே, காலையிலிருந்து சாயங்காலம் வரை அப்பா, அப்பா, அப்பா என்று ஒரே குரல். சமையல்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வெங்காயம் அரிந்தார். வைரக்கண்ணு முதலில் சிரித்தார், பிறகு வரேன்மா என்றார், பிறகு எழுந்திருக்கப் பார்த்தார், எழுந்திருக்க முடியாதபடி அவருக்குள்ளிருந்து எல்லாம் வந்துகொண்டிருந்தது. அன்று வந்த எண்ணெயைப் பிடிக்கக் கப்பல் வரவழைத்தார்கள். வருடக் கணக்கு முடிந்தது. கேசரி கிண்டினார்கள்.

மறுநாள் தண்ணீர் உடைத்துக்கொண்டது. இடது பக்கம் முழுக்கத் தண்ணீர். ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள், கஞ்சி கொடுத்துப் பார்த்தார்கள், ஒலிபெருக்கியைப் போட்டார்கள். வைரக்கண்ணு அந்தக் குரலைக் கேட்டுக் கண் கலங்கினார், அவ்வளவுதான், எண்ணெய் அசையவில்லை. தண்ணீர் வரும் பாதையை அடைத்தால் எண்ணெய் வேறு பாதையில் வரும் என்று இடது தோளிலிருந்து இடது கால்வரை ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டினார்கள். கொஞ்ச நாள் வலது பக்கம் வந்தது. அதற்குள் இடது கை மரத்து, கறுத்து, சுண்டிப்போனது. ஒன்றும் ஆகாதுண்ணே, கட்டு பிரிச்சா ரத்தம் ஓடிரும் என்று மாசிலாமணி தினமும் தேய்த்துவிட்டான். கட்டைப் பிரித்த பிறகும் அந்தக் கை திரும்பவில்லை.

அடுத்த மார்ச் வருவதற்குள் வலது பக்கமும் தண்ணீர். கம்பெனி இந்தத் தடவை நல்ல வார்த்தை எதுவும் தேடவில்லை, மேடையை மூடிவிட்டது. மாசிலாமணியின் பெண் படிப்பை முடித்திருந்தாள்.

வழியனுப்பு விழா நடத்தினார்கள். தேவசகாயம் பொன்னாடை போர்த்தினார், போர்த்தியதும் அது நனைந்து தொங்கியது. சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். தன் மகளுக்கு இணையாக வைரக்கண்ணு அண்ணனைத்தான் நினைப்பதாக மாசிலாமணி மைக்கில் சொல்லி, பாதியில் உட்கார்ந்துவிட்டான். அபிநயா அவருடைய காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கிணறு பன்னிரண்டு என்கிற எண்ணை ரத்து செய்ததும் அவர் மறுபடி மனிதரானார், ஹெலிகாப்டரில் ஜன்னலோர இடமும் கிடைத்தது. எண்ணெய் சொட்டாததால் பைலட் ஒன்றும் சொல்லவில்லை, உட்காருகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு மட்டும் போட்டார்.

அவருடைய ஊரான பனையூர்க்குப்பத்தில் அந்த இரண்டு வருடத்தில் வேறொன்று நடந்திருந்தது. கடல் நிலத்துக்கடியில் நுழைந்துவிட்டது. கிணறு, அடிபம்பு, ஆழ்குழாய் எதைத் திறந்தாலும் உப்பு. சோறு உப்பு, தேநீர் உப்பு, துவைத்த துணியில் வெள்ளைத் திட்டு. லாரித் தண்ணீர் நினைத்தபோது வரும். வந்தால் பெண்கள் மண்டை உடைய அடித்துக்கொள்வார்கள். பெரியவர்கள் பழகிக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் தோல் தாங்கவில்லை, மடிப்புகளிலெல்லாம் சிரங்கு வெடித்து, ஈ மொய்த்து, இராப்பகலாகச் சொறிந்து அழுதுகொண்டிருந்தன.

வேன் வாசலில் நின்றபோது தமயந்தி ஆரத்தித் தட்டோடு நின்றாள். இடுப்பில் குழந்தை. வைரக்கண்ணு இறங்கியதும் அவருடைய சுண்டிப்போன கையைப் பார்த்தாள், தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். இனி எங்கயும் அனுப்ப மாட்டேன், ஒரு வேலையும் செய்ய வேணாம், இங்கயே கெடங்க, நான் பாத்துக்கறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. அவரை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, முகத்தில் வழிந்த தண்ணீரையெல்லாம் முந்தானையால் துடைத்துவிட்டாள். பக்கத்து வீட்டு ரெஜினாவும் இன்னும் நாலைந்து பேரும், ஊர்வழக்கப்படி, திரும்பி வந்தவரைப் பார்க்க வாசலில் வந்து நின்றார்கள்.

குழந்தை அவரைப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியில் அத்தனை தடவை கூப்பிட்டது அது இல்லை என்பதுபோல அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நெளிந்தது, கழுத்துச் சிரங்கைச் சொறிந்தது, அழுதது. அழுகைக்கு நடுவில் கையில் அகப்பட்ட ஈர முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது. அழுகை நின்றது. முந்தானையைச் சப்பியது, சப்பிச் சப்பி, தீர்ந்ததும் அடுத்த ஈரத்தைத் தேடி இழுத்தது.

தமயந்தி முந்தானையின் மறுநுனியைத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். துளி உப்பு இல்லை. பிறகு வைரக்கண்ணுவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவருக்குத் தெரியும், நெற்றியில் கை வைக்கலாமா என்று கேட்டவளின் பார்வை அது. அவள் எழுந்து போய், வாசலில் நின்றவர்களின் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, அடுப்படியிலிருந்து குடத்தை எடுத்து வந்து அவர் கைக்குக் கீழே வைத்தாள்.

"தமயந்தி, நான் கொஞ்சம் படுத்துக்கறேன்" என்றார் வைரக்கண்ணு.

"படுத்துக்கங்க. அசந்து தூங்குனா நல்லா வரும்னு நீங்கதானங்க போன்ல சொன்னீங்க."

சொல்லிவிட்டு அவள் அழுதாள். பாயை விரித்தாள், தலையணை வைத்தாள், காலை நீட்டிவிட்டாள், விரலிலிருந்து விழுகிற தண்ணீர் வெளியே சிந்தாமல் குடத்தை நகர்த்தி வைத்தாள், எல்லாவற்றையும் அழுதுகொண்டே செய்தாள். குடத்தில் ஒரு சாண் நிறைந்ததும் குழந்தையை மடியில் போட்டு, அந்தத் தண்ணீரால் கழுத்திலும் அக்குளிலும் சிரங்குகளைக் கழுவினாள். வீரிட்டுக் கத்த வேண்டிய குழந்தை கத்தாமல் கண்ணை மூடிக்கொண்டது. அதைப் பார்க்க வைரக்கண்ணுவுக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடத்தில் அந்த மாதிரி சந்தோஷம் அவருக்கு வந்ததில்லை, அதனால்தானோ என்னவோ, விரலில் தண்ணீர் இன்னும் வேகமாக விழுந்தது. வெளியே ரெஜினா கதவைத் தட்டி, என் பிள்ளைக்கும் ஒரு சொம்பு குடு தமயந்தி என்றாள். அவளுக்குப் பின்னால் குடங்கள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம் கேட்டது.

தமயந்தி ஒரு டம்ளரில் மொண்டு குழந்தையிடம் கொடுத்தாள். அது ஒரே மூச்சில் குடித்து முடித்தது. பிறகு மடியிலிருந்து இறங்கி, தத்தித் தத்திப் பாய்க்குப் போய், வைரக்கண்ணுவின் முகத்தை முதல் தடவையாக நன்றாகப் பார்த்து, காலி டம்ளரை அவரிடம் நீட்டியது.

"இன்னும்" என்றது.